மேட்டுத்தெருவுக்கு வந்த மனச்சாந்தி

கோவர்த்தனன் மின்சார ஆபீசில் யாரையும் திட்டவில்லை, மேசையைத் தட்டவில்லை, ஒருமையில் பேசவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வாரியத்தின் கோப்பில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது.

நடந்தது இதுதான். ஆந்திர எல்லை ஊரான நகரியில், மேட்டுத்தெருவின் முனையில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் ஒரு மழைநாள் மதியம் வெடித்து, சற்று நேரம் புகைந்து, அடங்கிவிட்டது. தெருவிலிருந்த பவர்லூம் தறிகள் எல்லாம் அந்த நொடியே நின்றன. லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, வீடுகளில் விளக்கு எரிவதற்கு மட்டும் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தார். தறி மோட்டாரை அது தாங்காது, புது டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆபீசில் போய்ச் சொல்லுங்கள் என்றார். தெருவின் சார்பில் சொல்லிவிட்டு வரக் கோவர்த்தனனை அனுப்பினார்கள். அன்றைக்கு அவரிடம் இஸ்திரி போட்ட சட்டை இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

அவசரத்துக்குத்தான் காரணம் இருந்தது. மேட்டுத்தெருவில் யாருக்கும் சொந்த நூல் கிடையாது. மாசிலாமணி என்கிற முதலாளி, நீள இழைகளை உருளையில் சுற்றிய பாவு கொடுப்பார். தெருக்காரர்கள் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார்கள். மாசிலாமணி கெட்டவர் அல்ல. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த மறுநாளே வந்து விசாரித்தார். ஆயுத பூஜை வரைக்கும் பொறுப்பதாகவும், அதற்குள் தறி ஓடவில்லையென்றால் பாவை அவிழ்த்துக்கொண்டு போய் ஏகாம்பரகுப்பத்தில் கொடுத்துவிட வேண்டியிருக்கும் என்றும் வருத்தத்தோடு சொன்னார். ஒரு தெருவைவிட்டுப் போன பாவு அந்தத் தெருவுக்குத் திரும்பி வந்ததாக நகரியில் யாருக்கும் நினைவில்லை. பாவு இல்லாத தறி வெறும் இரும்பு. பழைய இரும்பு எடுக்கும் ஒருவர் அப்போதே தெருவில் நடமாடத் தொடங்கியிருந்தார். அவர் எதையும் விலை கேட்கவில்லை. வாசலில் நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போவார்.

எல்லையோர மின்சேவை வாரியத்தின் நகரி ஆபீசில் 'புகார்கள்' என்று எழுதியிருந்த பலகையை எடுத்துவிட்டு, 'மனப்பகிர்வு' என்று புதிய பலகை மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெரிய படம். ஒரு குடும்பம் மின்விசிறியின் கீழே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. படத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மகிழ்ச்சிக்கான அன்றாடப் பழக்கங்கள் சுற்றிலும் தெலுங்கிலும் தமிழிலும் அச்சாகியிருந்தன. விடிந்ததும் புன்னகை செய்ய வேண்டும், கண்ணாடி பார்த்துத் தன்னைத் தானே பாராட்டிக்கொள்ள வேண்டும், நன்றி சொல்ல வேண்டும், நடக்க வேண்டும், நிமிர்ந்து நிற்க வேண்டும், தினமும் சிறிது நேரம் மௌனமாக இருக்க வேண்டும்.

கோவர்த்தனன் உதவிப் பொறியாளர் பிரமிளாவின் முன்னால் நின்று, மேட்டுத்தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது என்றார்.

பிரமிளா காதைப் பொத்திக்கொண்டார். "அண்ணா, மெல்லகா சொல்லுங்க. ஏன் இந்தக் கத்து கத்தறீங்க?"

"நான் எங்க மேடம் கத்தறேன்? பேசிக்கினுதானே இருக்கேன்."

எதிர் வரிசையில் இருந்த டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

இதில் யார் மேலும் குற்றம் இல்லை. தறி ஓடும் வீட்டில் பிறந்த குரல் அது. பக்கத்தில் நிற்கிறவரிடம் உப்பு கேட்பதாக இருந்தாலும் நாலு தறியின் சத்தத்தைத் தாண்டிப் போய்த்தான் கேட்க வேண்டும். மேட்டுத்தெருவில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். அதனால் தாங்கள் உரக்கப் பேசுகிறோம் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

பிரமிளா நல்ல பெண். தன் பாட்டிலில் இருந்த தண்ணீரையே கொடுத்தார். பிறகு வாரியத்தின் புதிய நடைமுறையை விளக்கினார். எல்லாப் புகாருக்கும் மூலகாரணம் என்ன என்று திருப்பதித் தலைமையகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். புகார் கொடுப்பவரின் மன அழுத்தமே மூலகாரணம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். எனவே அமைதியான மனத்திலிருந்து வரும் பகிர்வை மட்டுமே இனி ஏற்றுக்கொள்ள முடியும். மனம் அமைதியாக இருக்கிறதா என்பதைக் குரலை வைத்துக் கண்டுபிடிக்கும் ஒரு செயலியைத் தன் போனில் திறந்து மேசையில் வைத்தார். கோவர்த்தனனைப் பேசச் சொன்னார்.

என்ன பேசவேண்டும் என்று கோவர்த்தனன் கேட்டார். திரை சிவப்பாகிவிட்டது.

"ரெட் வந்துடுச்சு அண்ணா. ரெட் வந்தா நான் எழுதிக்க முடியாது. சித்தூர் ஆபீசுக்குப் போயி சாந்திச் சான்று எடுத்துக்கினு வாங்க, உடனே எழுதிக்கறேன்" என்றார் பிரமிளா. கோப்பில் 'நுகர்வோர் ஆத்திரமாகக் காணப்பட்டார்' என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

வீட்டில் மனைவி சுலோச்சனா வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள். மகள் பேரைச் சொல்லித்தான் அவள் அவரைக் கூப்பிடுவாள்.

"இன்னா சொன்னாங்க, பிரித்திகா நைனா?"

"நான் சந்தோஷமா இல்லைன்னு சொன்னாங்க."

"அதைச் சொல்றதுக்கா ஆபீஸ் வச்சிக்கினு கீறாங்க?"

அவள் இதைச் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் தறி நின்ற தெருவில் அது மறுமுனை வீடு வரைக்கும் போயிற்று. மேட்டுத்தெருவுக்கு அந்த நாட்களில் நேர்ந்த இன்னொரு கஷ்டம் இது. இத்தனை வருஷம் ஒவ்வொரு வீட்டிலும் என்ன பேசினார்களோ அதே குரலில்தான் இப்போதும் பேசினார்கள். மூடி மறைக்கத் தறிச்சத்தம் இல்லை. மாமியாரைப் பற்றி மருமகள் சொன்னது மாமியாரின் தம்பி வீட்டில் கேட்டது. இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. குழந்தைகள் சத்தம் இல்லாமல் தூங்க மறுத்தன. பெரியவர்களும் தூங்கவில்லை. தறிக்காரனுக்கு நிசப்தம் என்றால் ஒரே பொருள்தான். அது கூலி இல்லாத நாள்.

சித்தூர் ஆபீசில் மகிழ்ச்சிப் பிரிவு மாடியில் இருந்தது. லிஃப்டை நிறுத்தியிருந்தார்கள். கதவில் 'நடை நலம்' என்று ஒட்டியிருந்தது. முதல் கவுன்ட்டர் வாசல் கேட்டை ஒட்டி இருந்தது. அங்கே வாங்கிய சீட்டை, பழைய கம்பங்கள் குவிந்து கிடந்த மைதானத்தின் மறுகோடியில் இருந்த இரண்டாவது கவுன்ட்டரில் காட்ட வேண்டும். மூன்றாவது கவுன்ட்டர் மறுபடி கேட்டுக்குப் பக்கத்தில், முதல் கவுன்ட்டரின் அடுத்த ஜன்னல். அதில் இருந்தவர் முதல் கவுன்ட்டரிலும் இருந்தவர். நடக்காமல் நேராக இங்கேயே வந்திருக்கலாமே என்று கோவர்த்தனன் கேட்டதற்கு, நடந்தது உங்கள் நன்மைக்காக, எனக்காக அல்ல என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

மாடியில் மகிழ்ச்சி ஆலோசகர் கிஷோர் வரவேற்றார். இளைஞர். கழுத்தில் அட்டை தொங்கியது. இதற்கு முன்பு சொட்டுநீர்க் குழாய் விற்றுக்கொண்டிருந்தவர். அந்த வேலையிலும் ஜனங்களைச் சிரிக்க வைக்க வேண்டியிருந்தது என்று சொன்னார். அவருக்கு யார் மேலும் கோபம் வந்ததில்லை. அவரிடம் கோபப்படவும் முடியாது.

முதலில் கண்ணாடி. கோவர்த்தனன் அதன் முன்னால் நின்று, 'நான் திருப்தியான நுகர்வோர்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். சொன்னார். கீழ்த் தளத்தில் யாரோ எதையோ கீழே போட்டார்கள். இன்னும் கொஞ்சம் உள்ளுக்குள் சொல்லுங்கள் என்று கிஷோர் கேட்டுக்கொண்டார்.

அடுத்தது நன்றி. தினமும் ஏதாவது ஒன்றுக்கு நன்றி சொல்லிப் பழகினால் மனம் லேசாகும். வாரியம் சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்தால் சான்று சீக்கிரம் கிடைக்கும். கோவர்த்தனன் வெகுநேரம் யோசித்தார். மனசாட்சிக்கு விரோதமில்லாமல் ஒன்று அகப்பட்டது. வீட்டு எதிரில் இருக்கும் மின்கம்பத்துக்கு நன்றி சொன்னார். சுலோச்சனா அதில்தான் துணி உலர்த்தும் கயிறு கட்டியிருந்தாள்.

கிஷோர் எழுதுவதை நிறுத்தினார். "அண்ணா, கம்பத்துல கயிறு கட்டறது குற்றம். இதை நான் நன்றின்னு எடுத்துக்கறதா, வாக்குமூலம்னு எடுத்துக்கறதா?"

எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கோவர்த்தனன் கேட்டுக்கொண்டார். கிஷோர் பெருந்தன்மையாக அந்தத் தாளைக் கிழித்துப்போட்டார். பொதுவாக ஏதாவது சொல்லுங்கள், சூரிய வெளிச்சம் மாதிரி, என்று அவரே எடுத்துக் கொடுத்தார். சூரிய வெளிச்சம் வாரியத்தில் வராதே என்றார் கோவர்த்தனன். சோலார் பிரிவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று கிஷோர் எழுதிக்கொண்டார்.

பிறகு தன்னம்பிக்கைப் பயிற்சி. காலை அகட்டி, இடுப்பில் கை வைத்து, மோவாயை உயர்த்தி நிற்க வேண்டும். தினமும் இப்படிக் கொஞ்ச நேரம் நின்றால் எந்த அதிகாரியிடமும் பயமில்லாமல் பேசலாம். இதைக் கோவர்த்தனன் நன்றாகச் செய்தார். தறியின் முன்னால் நிற்பதும் ஏறக்குறைய அப்படித்தான். அப்போது அந்தப் பக்கமாக வந்த மேற்பார்வைப் பொறியாளர் நின்றுவிட்டார்.

"ஏமிட்டி இதி?" இது என்ன என்று தெலுங்கில் கேட்டார்.

"தன்னம்பிக்கை சார்" என்றார் கிஷோர்.

"என் எதிர்லயா?"

அன்று மாலைக்குள் அந்த நடையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டார்கள். தன்னம்பிக்கையுள்ள நுகர்வோர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கலாம். கோட்டைத் தாண்டி அதிகாரியின் அறைக்குள் வரும்போது கையை இறக்கிவிட வேண்டும்.

கடைசியாகக் குரலைச் சோதித்தார்கள். கோவர்த்தனன் தன்னால் ஆன மட்டும் உள்ளுக்குள் பேசினார். திரை சிவப்பிலேயே நின்றது. தனக்கே இது வருத்தமாக இருக்கிறது என்று கிஷோர் சொன்னார். முற்றிய மன அழுத்தம், சாதாரணப் பழக்கங்களுக்கு அசையவில்லை, திருப்பதியில் நடக்கும் மௌன சபைக்குப் பரிந்துரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சித்தூருக்கு இப்படிப் பல நாள் அலைந்து முடிவதற்குள் அமாவாசை வந்து நவராத்திரி தொடங்கிவிட்டிருந்தது.

திருப்பதிக்குக் கோவர்த்தனன் சுலோச்சனாவையும் அழைத்துப் போனார். தனியாகப் போனால் தன் தரப்புக்குச் சாட்சி இல்லாமல் போகிறது என்று அவருக்குப் பட்டது. வாரியத் தலைமையகத்தின் மண்டபம் திருச்சானூர் போகிற சாலையில் இருந்தது. வாசலில் எல்லோருக்கும் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டினார்கள். நாடித்துடிப்பு எகிறினால் அது சிவப்பாக எரியும், அடங்கினால் பச்சையாக எரியும்.

பக்கத்து நாற்காலியில் பங்காருபாளையத்து மாந்தோப்புக்காரர் பச்சையப்பன் உட்கார்ந்திருந்தார். அவர் இடைவிடாமல் சிரித்துக்கொண்டிருந்தார். சொந்தக் காரியம் ஏதோ நல்லபடியாக முடிந்திருக்கிறது என்று சுலோச்சனா நினைத்து, என்ன விசேஷம் என்று கேட்டாள். போர்வெல் லைன் அறுந்து விழுந்து கோடை முழுவதும் தண்ணீர் பாய்ச்ச முடியவில்லை, மோட்டாரும் போய்விட்டது என்று அவர் சிரித்தபடியே சொன்னார். பல மாதமாக இந்தச் சபைக்கு வருகிறாராம். இப்போது பழகிவிட்டதாம். பட்டை பச்சையாக எரிந்த அன்றே கோப்பை மூடிவிட்டார்களாம்.

"பச்சை வந்தா நல்லதுதானே?" என்றார் கோவர்த்தனன்.

"ரொம்ப நல்லது. இப்ப எனக்குக் குறையே இல்ல. மோட்டாரும் இல்ல" என்றார் பச்சையப்பன். "சும்மா இருக்க முடியல, வந்துடறேன். இங்க ஏசி போடறாங்க."

கோவர்த்தனன் அப்போதுதான் திட்டத்தைப் புரிந்துகொண்டார். சிவப்பாக எரிந்தால் சொல்ல விடமாட்டார்கள். பச்சையாக எரிந்தால் சொல்வதற்கு எதுவும் இல்லை என்பார்கள். இதைச் சுலோச்சனாவிடம் ரகசியமாகச் சொன்னார். முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

இயக்குநர் நாகேந்திரன் மேடைக்கு வந்தார். சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க்காரர். எல்லை மண்டலத்து ஜனங்களைக் கண்டால் வீட்டு பாஷையிலேயே பேசுவதில் அவருக்குப் பெருமை.

"நானும் கரண்ட் இல்லாத வூட்ல பொறந்து படிச்சவன்தான். அப்ப எங்க ஊர்ல ஒருத்தருக்கும் கரண்ட் குறை கிடையாது. ஏன்? கரண்டே கிடையாது. அப்புறம் வாரியம் வந்துச்சு, ஆபீஸ் வந்துச்சு, கவுன்ட்டர் வந்துச்சு. குறையும் வந்துச்சு. இப்ப யோசிச்சுப் பாருங்க. ஒரு டிரான்ஸ்ஃபார்மரை மாத்தணும்னா செம்பு வேணும், எண்ணெய் வேணும், கிரேன் வேணும், டெண்டர் வேணும். ஒரு மனுஷனை மாத்தறதுக்கு அவன் மூச்சு போதும். அதையும் அவனே கொண்டுக்கினு வரான். போன வருஷம் வந்த புகாரை எல்லாம் அடுக்கி வைக்க எங்ககிட்ட ரூம் இல்ல. இந்த வருஷம் ஒரு புகார் இல்ல. எப்படிச் செஞ்சீங்கன்னு மத்த வாரியத்துல இருந்து வந்து கேக்கறாங்க. நாங்க ஒண்ணும் செய்யலைன்னு தைரியமா சொல்றேன்."

கைதட்டல் அடங்கியதும் மௌனம் தொடங்கியது. கதவுகளைச் சாத்தினார்கள். விளக்கைக் குறைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, எந்தச் சத்தமும் இல்லாத ஓர் இடத்தை மனத்தில் பார்க்கும்படி ஒலிபெருக்கியில் ஒரு குரல் சொல்லிவிட்டு நின்றது.

கோவர்த்தனன் பார்த்தார். அவர் மனத்தில் தெரிந்தது மேட்டுத்தெரு. சத்தமே இல்லை. தறிகள் மேல் தூசு படிந்திருந்தது. மாசிலாமணியின் வண்டி வந்து வாசலில் நின்றது. அதற்குப் பின்னால் பழைய இரும்புக்காரரின் வண்டி நின்றது. கோவர்த்தனனுக்கு நெற்றியில் வேர்த்தது. மணிக்கட்டுப் பட்டை சிவந்து, மங்கிய மண்டபத்தில் அடுப்பு நெருப்பு மாதிரி தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் சுலோச்சனாவின் கையிலும் அதே மாதிரி ஒன்று எரிந்தது.

"வூட்டுக்குப் போயிடலாங்க" என்று அவள் முணுமுணுத்தாள். மண்டபத்தில் தியானத்தில் இருந்த எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. வாரியத்தின் தலைமையகத்தில் மின்தடை ஏற்படுவதில்லை என்பது விதி. எனவே இது மௌனத்தின் இரண்டாம் கட்டம் என்று, சித்தூரிலிருந்து வந்திருந்த கிஷோர் இருட்டில் அறிவித்தார். சற்று நேரத்தில் மேடைக்குப் பின்னால் யாரோ டீசல் ஜெனரேட்டரை முடுக்கினார்கள். பழைய ஜெனரேட்டர். தடதடவென்று தரையே அதிர்ந்தது. இயக்குநர் முகத்தைச் சுளித்தார். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

கோவர்த்தனனின் தோள்கள் இறங்கின. நாற்காலியின் அதிர்வு முதுகு வழியாக ஏறியது. பல நாளாக வராத தூக்கம் அப்படியே வந்து அவரை எடுத்துக்கொண்டது. சுலோச்சனா அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். இரண்டு பட்டைகளும் பச்சையாக எரிந்தன.

கோவர்த்தனன் கண்விழித்தபோது மேடையில் நின்றுகொண்டிருந்தார். தோளில் சால்வை போட்டிருந்தார்கள். வாரியத்தின் சரித்திரத்தில் மிகக் குறைந்த நேரத்தில் சாந்தி பெற்ற நுகர்வோர் என்று அவரைக் காட்டி இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். காரணத்தையும் அவர் கண்டுபிடித்துவிட்டிருந்தார். மற்றவர்களுக்கு மௌனம் எப்படியோ, நகரிக்காரர்களுக்குச் சத்தம் அப்படி. இத்தனை நாள் அவர்கள் மின்சாரம் கேட்கிறார்கள் என்று நாம் தவறாக நினைத்திருந்தோம். அவர்கள் கேட்டது சத்தம். தறிச்சத்தத்தைப் பதிவு செய்து மேட்டுத்தெரு முழுவதும் ஒலிபெருக்கியில் போடும்படி அங்கேயே உத்தரவு போட்டார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காணொளி மூலம் தானே தொடங்கி வைப்பதாகவும் சொன்னார்.

ஒரு வார்த்தை பேசும்படி கோவர்த்தனனிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

"ஐயா, எங்க தெருவுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர்" என்று அவர் தொடங்கினார். மைக் தேவைப்படவில்லை. மண்டபம் முழுவதும் கைதட்டியது. சாந்திச் சான்றைக் கையில் கொடுத்தார்கள். அதன் கீழே, சாந்தி பெற்றவர் என்பதால் பகிர்வு ஏதும் நிலுவையில் இல்லை என்று அச்சடித்திருந்தது.

சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். புத்தூர் தாண்டியதும் சுலோச்சனா, சால்வை நல்ல துணி, நம்ம பக்கத்துத் தறி இல்லை என்று மட்டும் சொன்னாள்.

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் முன்னால் லாரியில் ஒலிபெருக்கிகள் வந்து இறங்கின. ஒவ்வொரு கம்பத்திலும் ஒன்று. கம்பத்தில் கயிறு கட்டித்தான் மாட்டினார்கள். கிஷோர் கூட இருந்து எல்லாம் சரிபார்த்தார். எங்கே கனெக்‌ஷன் கொடுப்பது என்று கேட்டார். லைன்மேன் பக்கத்துத் தெரு ஒயரைக் காட்டினார்.

கிஷோர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, அப்படி ஒரு ஒயர் வாரியத்தின் கணக்கில் இல்லையே என்றார். இல்லாத ஒயரில் இயக்குநர் தொடங்கிவைக்கும் திட்டத்தை மாட்ட முடியாது. இந்தத் தெருவுக்கு டிரான்ஸ்ஃபார்மர் எங்கே?

தெருவே வாசலுக்கு வந்து நின்றது. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து இத்தனை நாளாகிறது என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கிஷோரின் கையிலிருந்த போன் தானாகச் சிவந்தது.

"ஏங்க இதை யாரும் முன்னாடியே சொல்லல?" என்று அவர் கேட்டார். அதில் கேலி எதுவும் இல்லை.

அன்றே அவர் திருப்பதிக்குப் பேசினார். நுகர்வோருக்கான டிரான்ஸ்ஃபார்மர் என்றால் மதிப்பீடு, ஒப்புதல், டெண்டர் என்று அடுத்த வருஷம் ஆகும். இது மகிழ்ச்சித் திட்டத்துக்கான டிரான்ஸ்ஃபார்மர். ஒலிபெருக்கிக்குத் துணைக்கருவி என்ற தலைப்பில் உடனே ஒப்புதல் வந்தது. எவ்வளவு பெரியது வேண்டும் என்று கேட்டதற்கு, சத்தம் நிறைய வேண்டும், பெரியதாகவே அனுப்புங்கள் என்று கிஷோர் சொன்னார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் தெருவின் மேல் முனையில் கிரேன் வந்து நின்றது. கீழ் முனையில் மாசிலாமணியின் வண்டி வந்து நின்றது. பூஜையன்று தறியிலிருந்து பாவை அவிழ்க்கக் கூடாது என்று அவர் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார். கோவர்த்தனன் வீட்டிலிருந்துதான் தொடங்கினார்கள். அதுதான் முதல் வீடு.

மாசிலாமணியின் ஆள் தறியின் பின்பக்கம் குனிந்து பாவு உருளையின் கட்டைகளைத் தளர்த்தினான். மாசிலாமணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு மணி நேரம் குடுங்கண்ணா" என்றாள் சுலோச்சனா. "அங்க டிரான்ஸ்ஃபார்மர் தூக்கிக்கினு கீறாங்க."

"அது பாட்டுப் போடறதுக்குன்னு சொல்றாங்களேம்மா."

"பாட்டு இல்லண்ணா, தறிச்சத்தம்."

மாசிலாமணி அவளைப் பார்த்தார். பிறகு கோவர்த்தனனைப் பார்த்தார். இத்தனை நாள் கஷ்டத்தில் இவர்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஆளிடம், சீக்கிரம் ஆகட்டும் என்றார். சுலோச்சனா போய் உருளையின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். யாரையும் தடுக்கவில்லை. கையை மட்டும் எடுக்கவில்லை. ஒரு பெண்பிள்ளையின் கையைத் தள்ளிவிட்டுப் பாவை எடுக்க அந்த ஆளுக்கு மனம் வரவில்லை. அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி தெருவைப் பார்த்தார். அவள் விரல்கள் நூலின் மேல் வெளுத்துப் போயிருந்தன. கோவர்த்தனன் சுவிட்சுப் பெட்டியின் பக்கத்தில் நின்றார். தூக்கி வைத்திருந்த சுவிட்சை இறக்கினார், மறுபடி தூக்கினார், இறக்கினார். வேறு செய்வதற்கு அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவர் கடைசியாகத் தூக்கியபோது மோட்டார் உறுமியது.

பாதி தளர்ந்த பாவோடு தறி ஒரு குதி குதித்து, குறுக்கு நூலை இழுக்கும் நாடா ஓடி, கணிசமான இழைகளை அறுத்துவிட்டு நின்றது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த வீட்டில் ஒன்று ஓடியது, எதிர் வீட்டில் இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை. மாசிலாமணி ஏதோ சொன்னார். கேட்கவில்லை. ஆளைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார். அவன் கட்டைகளைப் பழையபடி இறுக்கினான். சுலோச்சனா கையை எடுத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காபி குடிக்கிறீர்களா என்று உதட்டசைவில் கேட்டாள்.

மாலையில் இயக்குநர் திருப்பதியிலிருந்து பொத்தானை அழுத்தினார். ஒலிபெருக்கிகள் பாடின என்று நம்ப வேண்டியிருந்தது. கம்பத்தடியில் போய் நின்று காதைக் கொடுத்துக் கேட்டால்தான் லேசாக எதுவோ விழுந்தது. சுலோச்சனா கேட்டுவிட்டு, யார் தறியோ தெரியவில்லை, எண்ணெயே போடவில்லை என்றாள். கோவர்த்தனன் அன்று பகல் முழுவதும் அறுந்த இழைகளை எடுத்துக்கட்டி முடித்திருந்தார்.

மறுமாதம் கிஷோர் பரிசோதனைக்கு வந்தார். தெருவில் ஒரு நடை நடந்தார். ஒலிபெருக்கிச் சத்தம் எங்கும் கேட்கவில்லை என்று கவலைப்பட்டார். கோவர்த்தனனின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, தினமும் காலையில் ஒரு மணி நேரம் எல்லாத் தறிகளையும் நிறுத்திவைத்தால்தான் தறிச்சத்தம் ஜனங்களுக்குக் கேட்கும், மேலிடத்து உத்தரவாகவே வாங்கிவிடலாம் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். கோவர்த்தனன் அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்து, சித்தூரிலிருந்து மாதாமாதம் இவ்வளவு தூரம் அலைய வேண்டாம், போன் போடுங்கள், நானே ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக் காட்டுகிறேன், தறியை நிறுத்த வேண்டியிருக்காது என்று கேட்டுக்கொண்டார். நடை நலம் என்பதைக் கிஷோர் அன்றைக்கு நினைவுபடுத்தவில்லை.

அதன்படி அடுத்த மாதம் போன் வந்தது. கோவர்த்தனன் பாதி நெசவில் இருந்தார். எழுந்து போகாமல் போனைத் தன் தறியின் பக்கமாகவே நீட்டினார். கிஷோர் வெகுநேரம் கேட்டார்.

"சூப்பர் அண்ணா. அசல் மாதிரியே இருக்கு."

அப்போது ஒரு இழை அறுந்தது. தறி நின்றது.

"அய்யய்யோ, ரெக்கார்டிங் நின்னு போச்சா?" என்றார் கிஷோர். "யாரையாவது அனுப்பவா? டைரக்டர் சாருக்குச் சொல்லணுமா?"

"ஒண்ணும் வேணாம் சார். இழை அறுந்துபோச்சு. முடிச்சுப் போட்டுக்கினு இருக்கேன்."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிந்து, தறியை ஓட்டினார். மறுபடி சத்தம் வந்தது. கிஷோர் அந்தப் பக்கம் எழுதிக்கொண்டார்.

ஒலிப்பதிவில் ஏற்பட்ட பழுதை மேட்டுத்தெரு நுகர்வோர் வெளியார் உதவியின்றித் தாமே சரிசெய்துகொண்டதாகவும், அவரது தன்னம்பிக்கை குறிப்பிடத்தக்க அளவு வளர்ந்திருப்பதாகவும், இனி அவருக்கு வாரியத்தின் சேவை எதுவும் தேவைப்படாது என்றும் அன்றே திருப்பதிக்கு எழுதப்பட்டது.